நீர், நீ, நீங்கள்: எங்கடை வீடுகளிலை ஆர் ஆரோடை எப்பிடிக் கதைக்கிறது?

நல்லூர்ரீச்சர் | பதிவு 1

எல்லாருக்கும் வணக்கம். முப்பது வருசத்துக்கு மேலை பள்ளிக்கூடத்திலை தமிழ் படிப்பிச்சனான். போன கிழமை என்ரை பேத்தி கேட்ட ஒரு கேள்விக்கு மறுமொழி தெரியாமல் நிக்கிறன். அதை உங்களிட்டைக் கொண்டு வாறன்.

பேத்திக்குப் பதினொரு வயது. கனடா ஸ்காபரோவிலை பிறந்து வளர்ந்தவள், லீவுக்கு வந்து நிக்கிறாள். பின்னேரம் விறாந்தையிலை இருந்து தேத்தண்ணி குடிக்கேக்கை இவர் என்னைப் பார்த்து, "நீர் அந்தப் பேப்பரை எங்கை வைச்சனீர்?" எண்டார். "உங்கடை கதிரைக்குப் பின்னாலை தானே கிடக்குது, பாருங்கோ" எண்டன் நான். பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மம்மா, அம்மப்பா உங்களை 'நீர்' எண்டு சொல்லுறார். நீங்கள் ஏன் அவரை 'நீர்' எண்டு சொல்லேல்லை? நீங்கள் அவரிலும் சின்ன ஆளோ?"

நான் அவரிலும் மூண்டு வயது இளமை. அதைச் சொன்னன். அவள் விடேல்லை. "அப்ப பெரியமாமி மாமாவிலும் ஒரு வயது மூப்பு எண்டு நீங்கள் தானே சொன்னனீங்கள். அவவும் மாமாவை 'நீங்கள்' எண்டு தானே கதைக்கிறா?"

அதுக்கு மேலை என்னட்டைச் சொல் இல்லை. நீ, நீர், நீங்கள் எண்டு மூண்டு படி இருக்கு, நடுப்படி 'நீர்' எண்டு எத்தனை வருசம் வகுப்பிலை சொல்லிக் குடுத்திருப்பன். அந்தப் படியிலை ஆர் நிக்கினம், ஆர் ஏறலாம், ஆர் ஏறக்கூடாது எண்டு ஒரு நாளும் யோசிச்சுப் பார்க்கேல்லை.

என்ரை அம்மம்மாவின்ரை காலத்திலை இதிலும் இறுக்கம். அவ புருசன்ரை பேரைச் சொல்லமாட்டா. 1995 ஒக்டோபர் கடைசியிலை, யுத்தத்துக்குள்ளை, யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவிலை வெளிக்கிட்டுச் செம்மணிப் பக்கத்தாலை தென்மராட்சிக்கு நடந்த நேரம், அம்மம்மாவையும் சைக்கிளிலை வைச்சு உருட்டிக்கொண்டு போனனாங்கள். கொடிகாமத்திலை ஒரு பள்ளிக்கூடத்திலை நிவாரணத்துக்குப் பதியேக்கை, எழுதினவர் "புருசன்ரை பேர் என்னணை?" எண்டு கேட்டார். அம்மம்மா என்னைப் பார்த்தா. "பிள்ளை, நீ சொல்லு." அவவின்ரை புருசன், என்ரை அம்மப்பா, செத்து அப்ப இருபது வருசம். வீடு வாசல் விட்டு, மாத்திக் கட்ட உடுப்பில்லாமல் நிண்ட நேரத்திலும் அந்தப் பேர் அவவின்ரை வாயிலை வரேல்லை.

இது வயதுக்குக் குடுக்கிற மரியாதையோ, ஆம்பிளைக்குக் குடுக்கிற மரியாதையோ? உங்கடை வீடுகளிலை எப்பிடி?


வடலி | பதிவு 2

ரீச்சர், நான் 27 வயது, கலியாணம் செய்து ஒண்டரை வருசம். என்ரை கதையைச் சொல்லுறன்.

நானும் இவரும் கம்பசிலை ஒரே பட்ச். முதல் வருசம் ஒருத்தரை ஒருத்தர் 'நீர்' எண்டு தான் கதைச்சனாங்கள். பெடியளுக்குள்ளை 'நீ', 'டேய்'. எங்களுக்குள்ளை 'நீ', 'எடியே'. பெடியனும் பெட்டையும் எண்டால் 'நீர்'. ஒருத்தரும் சொல்லித் தரேல்லை, அப்பிடித்தான் வந்தது. பேந்து பழகப் பழக 'நீ' ஆச்சுது. கலியாணத்துக்குப் பிறகு மாமி வீட்டிலை இருக்கிறம். மாமிக்கு முன்னாலை நான் அவரை 'நீங்கள்' எண்டு சொல்லுறன். ஒரே மனிசனுக்கு அறைக்குள்ளை ஒரு சொல்லு, குசினியிலை ஒரு சொல்லு. ஒருநாள் மறந்து "நீ சாப்பிட்டியோ?" எண்டு கேட்டிட்டன். மாமி ஒண்டும் சொல்லேல்லை. கறிச்சட்டியை வைச்ச சத்தத்திலை எனக்கு விளங்கியிட்டுது. அவர் என்னை எல்லாருக்கும் முன்னாலை 'நீ' எண்டு தான் சொல்லுறவர். அதுக்குச் சட்டி சத்தம் போடுறதில்லை.

வேலை வங்கிக் கவுன்ரரிலை. எனக்குப் பக்கத்துக் கதிரையிலை இருக்கிற பெடியனுக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே பதவி. வயது போன ஐயாமார் வந்தால் அவனுக்குத் 'தம்பி', எனக்குப் 'பிள்ளை'. அது எனக்கு விருப்பம். பிள்ளை எண்டு கூப்பிடேக்கை மனசு குளிரும். ஆனால் விசயம் சிக்கலானால், ஒரு கையெழுத்துப் பிழைச்சால், ஒரு காசோலை திரும்பினால், தம்பி 'சேர்' ஆகிடுவான். நான் பிள்ளையாகவே இருப்பன். "பிள்ளை, ஆரும் பெரியாக்களைக் கூப்பிடும்." அதை நான் தான் பார்க்க வேணும், எனக்கு மேலை அந்த வேலைக்கு ஆளில்லை எண்டு விளங்கப்படுத்தவே ஐஞ்சு நிமிசம் போகும்.


வைகைக்கரை | பதிவு 3

நான் மதுரைப் பக்கம். ரொம்ப நாளா உங்க பேச்சை ரசிச்சுப் படிச்சுக்கிட்டு வர்றேன். ஒரு சந்தேகம். என்னோட வேலை பார்த்த யாழ்ப்பாணத்து நண்பர் ஒருத்தர் "அம்மா நேத்து வந்தவ, இண்டைக்குத் தான் போனா"ன்னு சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எங்க ஊர்ல பெத்த அம்மாவை "வந்தா, போனா"ன்னு மூணாம் மனுசங்ககிட்டச் சொன்னா அடி விழும். "அம்மா வந்தாங்க"ன்னு தான் சொல்லணும். தப்பா நினைக்காதீங்க, பெண்களுக்கு மட்டும் உங்க பேச்சுல மரியாதை குறையுதோ?


ஒலியன் | பதிவு 4

வைகைக்கரை, நல்ல கேள்வி. மொழியியல் படித்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் ஊரில் 'அவள் வந்தாள்' என்பதன் கடைசி ளகரம் பேச்சில் விழுந்து 'அவ வந்தா' ஆகிறது. அதனால் உங்கள் காதுக்கு அது மரியாதை இல்லாத வடிவம். எங்கள் ஊரில் அந்த ளகரம் விழுவதில்லை. 'அவள் வந்தாள்' என்றால் வாயில் ளகரம் தெளிவாகக் கேட்கும். அது தங்கைக்கு, தோழிக்கு, மகளுக்கு. 'அவ வந்தா' என்பது தனி வடிவம். அது அம்மாவுக்கு, ரீச்சருக்கு, பெரியம்மாவுக்கு. 'அவர் வந்தார்' என்பதற்குச் சமமான பெண்பால். ஒரு மெய்யெழுத்து இருக்கிறதா இல்லையா என்பதில்தான் எங்கள் மரியாதை முழுவதும் நிற்கிறது. உங்கள் நண்பர் தன் தாயை உரிய மரியாதையோடுதான் சொன்னார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எழுத்துத் தமிழில் 'அவர்' இருபாலுக்கும் பொது. கடிதத்தில் "அதிபர் அவர்கள்" என்றால் ஆணா பெண்ணா தெரியாது. யாழ்ப்பாணப் பேச்சில் மரியாதை கொடுக்கும்போதும் ஆணை 'அவர்', பெண்ணை 'அவ' என்று பிரித்தே கொடுக்கிறோம். பால் தெரியாமல் ஒருவரை மதிக்க வேண்டுமென்றால் 'அவை வந்தினம்' என்று பன்மைக்குப் போகவேண்டும்.

ஒருவரைப் பன்மையால் சொல்வது புதிதல்ல. இலக்கண நெறிப்படி அது அமையாது, வழக்கில் உயர்த்திச் சொல்வதற்காக வருவது என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்திலேயே சொல்லியிருக்கிறது. அன்றைக்கே மக்கள் வாய் இலக்கணத்தைத் தாண்டிவிட்டது.

ரீச்சரின் கேள்விக்கு வருகிறேன். 1960ஆம் ஆண்டு பிரவுண், கில்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஐரோப்பிய மொழிகளின் 'நீ', 'நீங்கள்' பற்றி எழுதினார்கள். அவர்கள் சொன்னது இரண்டே அச்சு: அதிகாரம், நெருக்கம். ஒருவர் 'நீ' என்று சொல்ல மற்றவர் 'நீங்கள்' என்று திருப்பிச் சொன்னால் அங்கே அதிகாரம் இருக்கிறது. இருவரும் ஒரே சொல்லைச் சொன்னால் அது நெருக்கத்தின் அளவை மட்டும் காட்டும். இதை வைத்து ரீச்சர் வீட்டு விறாந்தையைப் பாருங்கள். ஒரு பக்கம் 'நீர்', மறுபக்கம் 'நீங்கள்'. மூத்தவராக இருந்தும் பெரியமாமி 'நீங்கள்' என்று சொல்வதால், அங்கே வேலை செய்வது வயது அல்ல. வயதைச் சாட்டாகச் சொல்லிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.


லாச்சப்பல்வாசி | பதிவு 5

பாரிஸிலை இருந்து. ஒலியன் சொன்னது எனக்கு நல்லாப் பிடிச்சது, ஏனெண்டால் இஞ்சை நாங்கள் நாளும் பொழுதும் இதோடை தான் சீவிக்கிறம். பிரெஞ்சிலை 'து' எண்டால் நீ, 'வூ' எண்டால் நீங்கள். தெரியாத ஆள் எண்டால் கடைக்காரனும் வூ, கடைக்கு வந்தவனும் வூ. குப்பை அள்ளுற மனிசனையும் வூ எண்டு தான் சொல்ல வேணும். வந்த புதிதிலை எனக்கு அது பெரிய அதிசயமா இருந்தது.

என்ரை மகன் வீட்டிலை எல்லாரையும் 'நீ' எண்டுறான். அவனுக்குத் தமிழ் 'நீ' பிரெஞ்சு 'து' மாதிரி. வீட்டாக்கள் எல்லாம் 'து' தானே. ஊரிலை இருந்து என்ரை ஐயா போன் எடுத்தால் "நீ எப்பிடி இருக்கிறாய் அப்பப்பா?" எண்டு கேப்பான். அவன் அன்பாத்தான் கேக்கிறான். ஐயாவுக்கு முதல் தரம் கேட்டபோது குரல் மாறிப் போச்சுது. நான் வெக்கப்பட்டு மகனைப் பேசினன். இப்ப யோசிச்சால் பேசியிருக்கக் கூடாது.

இன்னொரு விசயம். சுவீடனிலை 1967இலை அரச மருத்துவ நிருவாகத்துக்குத் தலைவரா வந்தவர், இனி நான் எல்லாரையும் 'நீ' எண்டு தான் கூப்பிடுவன், என்னையும் அப்பிடியே கூப்பிடுங்கோ எண்டு அறிவிச்சவர். கொஞ்ச வருசத்திலை நாடே அந்தப் பக்கம் திரும்பியிட்டுது. எங்கடை சனம் அப்பிடிச் செய்யுமோ? செய்யாது எண்டு தான் நினைக்கிறன். ஆனால் மற்றப் பக்கத்தாலை, எல்லாரையும் 'நீங்கள்' ஆக்கிறது நடக்கக்கூடியது. இப்பவே பால்குடிப் பிள்ளையைக்கூட "வாங்கோ, சாப்பிடுங்கோ, அழாதைங்கோ" எண்டு கதைக்கிற தாய்மார் எங்கடை ஊரிலை தானே இருக்கினம்.


செம்மண் | பதிவு 6

இதுவரைக்கும் எழுதினவை எல்லாரும் வயதையும் ஆண் பெண்ணையும் பற்றி எழுதியிருக்கிறியள். ஒண்டைத் தொடாமல் போறியள். அதைத் தொடாமல் யாழ்ப்பாணத்திலை 'நீ, நீர், நீங்கள்' கதைக்க ஏலாது.

என்ரை அப்பு கள்ளுச் சீவினவர். அவருக்கு அறுபது வயது தாண்டின காலத்திலை, தோட்டக்காரர் வீட்டுப் பத்து வயதுப் பெடியன் வேலிக்கு அங்காலை நிண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டு "நீ ஏன் நேற்று வரேல்லை?" எண்டு கேட்டதை நான் என்ரை காதாலை கேட்டனான். அப்பு அந்தப் பெடியனுக்கு 'நயினார்' எண்டு மறுமொழி சொன்னவர். அண்டைக்கு எனக்கு ஏழு வயது. எங்கடை அம்மம்மாவையும் அப்பிடித்தான். "அவ வந்தா" எண்டு ஒலியன் சொல்லுற அந்த மரியாதை வடிவம் அவவுக்குக் கிடைக்கேல்லை. அவ தொண்ணூறு வயது மட்டும் 'அவள்' ஆகவே இருந்து செத்தவ.

வயதுக்கு மரியாதை குடுக்கிற சமூகம் எண்டு எங்கடை ஆக்கள் பெருமையாச் சொல்லுவினம். அந்த மரியாதை வேலிக்கு உள்ளை மட்டும் தான் இருந்தது. 1968இலை மாவிட்டபுரம் கோயில் வாசலிலை, சாதியைச் சொல்லி உள்ளை விடாத எங்கடை சனம் போய் நிண்டது கும்பிட மட்டுமில்லை. உள்ளை விடு எண்டு கேக்கிறதும் என்னை 'நீ' எண்டு சொல்லாதை எண்டு கேக்கிறதும் ஒரே கேள்வி தான்.

என்ரை மகள் இப்ப ஒரு அலுவலகத்திலை பெரிய பதவியிலை இருக்கிறா. அவவை எல்லாரும் 'மடம்' எண்டு கூப்பிடுகினம். கேக்கச் சந்தோசம். ஆனால் 'மடம்' இங்கிலிசுச் சொல். தமிழிலை ஒரு மரியாதைச் சொல் எங்களுக்கு வர மூண்டு தலைமுறை பிந்தினதாலை தான் இரவல் சொல் முந்தி வந்து நிக்குது.


நல்லூர்ரீச்சர் | பதிவு 7

செம்மண் ஐயா, உங்கடை பதிவை இரண்டு தரம் வாசிச்சன். எங்கடை வளவிலும் அப்பிடிக் கூப்பிட்டவை தான். நானும் சின்ன வயதிலை அப்பிடிக் கூப்பிட்டிருக்கிறன். வயது போன ஒரு மனிசனை, எனக்குத் தேங்காய் பிடுங்கித் தந்த மனிசனை. என்னை ஆரும் திருத்தேல்லை. அதே வீட்டிலை, அண்ணையின்ரை பேரைச் சொன்னதுக்கு எனக்கு வாயிலை அடி விழுந்தது. இதை முதல் பதிவிலேயே நான் எழுதியிருக்க வேணும்.


ஒலியன் | பதிவு 8

செம்மண் சொன்னதற்கு ஆய்வுலகமும் சாட்சி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்த பேராசிரியர் சுசீந்திரராஜா யாழ்ப்பாணத் தமிழைப் பற்றியும், இங்கே சாதியும் மொழியும் பின்னிக் கிடப்பதைப் பற்றியும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் பெனலப்பி பிரவுண் (நான் முன்னர் சொன்ன பிரவுண் வேறு ஆள்), லெவின்சன் ஆகியோரின் பணிவுக் கோட்பாட்டுக்கு எடுத்த தமிழ் எடுத்துக்காட்டுகள் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவை. அங்கேயும் யார் யாரை 'நீ' என்பது என்ற கேள்வி சாதியில்தான் போய் முட்டுகிறது.


கிணத்தடி | பதிவு 9

நீங்கள் எல்லாரும் பெரிய பெரிய விசயம் கதைக்கிறியள். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன். பெண்டுகள் கனக்கக் கதைப்பினம், ஆம்பிளையள் அளவாக் கதைப்பினம். பெண்டுகள் "என்ன? அப்பிடித்தானே? சரிதானே?" எண்டு ஒவ்வொரு வசனத்துக்கும் பின்னாலை கேப்பினம். ஆம்பிளை நேரே சொல்லுவான். இது இயற்கை. என்ரை மனிசியும் அப்பிடித்தான், என்ரை அக்காமாரும் அப்பிடித்தான்.


ஒலியன் | பதிவு 10

கிணத்தடி அண்ணை, நீங்கள் சொன்ன "அப்பிடித்தானே?" விசயத்தை 1970களில் ரொபின் லேக்கொவ் என்ற அமெரிக்க மொழியியலாளர் ஏறக்குறைய இதே மாதிரிச் சொன்னார். பெண்கள் வசனத்தின் முடிவில் கேள்வியை ஒட்டுகிறார்கள், தயங்கிச் சொல்கிறார்கள், அதிகம் பணிவு காட்டுகிறார்கள் என்று. அதற்குப் பின்னர் ஓபார், அற்கின்ஸ் என்ற இருவர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவர்களின் பேச்சைப் பதிந்து பார்த்தார்கள். முடிவு 1980இல் வந்தது. தயங்கித் தயங்கிப் பேசியவர்களில் ஆண்களும் இருந்தார்கள்: வேலை இல்லாதவர்கள், படிப்புக் குறைந்தவர்கள். வைத்தியராக வந்து சாட்சி சொன்ன பெண் தயங்கவில்லை. ஆகவே அந்தப் பேச்சு பெண்ணுடையது அல்ல, கையில் அதிகாரம் இல்லாதவருடையது. பெண்கள் அந்த இடத்தில் அதிகம் நின்றதால் பெண் பேச்சாகத் தெரிந்தது. செம்மண்ணின் அப்பு பத்து வயதுப் பெடியனுக்கு முன்னால் எப்படிப் பேசியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆணா பெண்ணா அதிகம் பேசுகிறார்கள் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவிலும் மெக்சிக்கோவிலும் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஒரு சிறு ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்து நாள் முழுக்க அணியச் செய்தார்கள். இரு பாலாரும் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 16,000 சொல். வேறுபாடு சொல்லும்படி இல்லை. அண்மையில் இன்னும் பெரிய அளவில் திரும்பச் செய்தபோது, 25க்கும் 64க்கும் இடைப்பட்ட வயதில் மட்டும் பெண்கள் ஓரளவு கூடப் பேசுவதாகத் தெரிந்தது. பதின்ம வயதிலும் முதுமையிலும் அந்த வேறுபாடு காணவில்லை. பிள்ளை வளர்க்கிற வயது அது. பிள்ளைக்குச் சோறு தீத்தும்போது எத்தனை ஆயிரம் சொல் செலவாகும் என்று உங்கள் மனைவியைக் கேளுங்கள்.


வடலி | பதிவு 11

கிணத்தடி அண்ணை, பிழையா எடுக்காதைங்கோ, ஒண்டு சொல்லுறன். நான் "சரிதானே?" எண்டு கேக்கிறது எனக்குத் தெரியாமலில்லை. தெரிஞ்சதை நேரே சொன்னால் "வாய் காட்டுறாள்" எண்டு சொல்லுவினம். ஒரு அலுவலகத்திலை காணி விசயமா நானும் இவரும் போனனாங்கள். காணி என்ரை பேரிலை. உறுதி என்ரை கையிலை. அங்கை இருந்தவர் இவரைப் பார்த்து "நீங்கள் எப்ப வாங்கினனீங்கள்?" எண்டார். நான் மறுமொழி சொன்னன். என்னைப் பார்த்து "நீர் கொஞ்சம் பொறும்" எண்டார். ஒரே மேசை, ஒரே நிமிசம். அவருக்கு 'நீங்கள்', எனக்கு 'நீர்'. எனக்கு 'நீர்' எண்ட சொல்லிலை இருந்த விருப்பம் அண்டைக்கு முறிஞ்சு போச்சுது. கம்பசிலை பக்கத்துக் கதிரையிலை இருந்து கேட்ட 'நீர்' வேறை, இது வேறை.


ரியூசன்கொட்டில் | பதிவு 12

எனக்கு 19. உண்மையைச் சொன்னால் என்ரை வயதிலை ஒருத்தரும் 'நீர்' பாவிக்கிறேல்லை. ரியூசனிலை சேர் மட்டும் சொல்லுவார். பெட்டையளோடையும் 'நீ' தான். பெட்டையள் தங்களுக்குள்ளை 'மச்சி', 'டி', சில நேரம் 'டா'வும் சொல்லுகினம். எங்களுக்கு அது நோமல். வட்ஸ்அப்பிலை 'வாங்க', 'சொல்லுங்க' எண்டு எழுதுறம். 'வாங்கோ' எண்டு எழுதினால் ஆச்சி எழுதின மாதிரி இருக்கும்.


தேசிக்காய் | பதிவு 13

தம்பி ரியூசன்கொட்டில், அந்த 'ஆச்சி எழுதின மாதிரி' எண்டதிலை நெஞ்சு கொஞ்சம் நொந்தது. ஆனால் நீர் உள்ளதைச் சொன்னீர்.

எங்கடை வீட்டிலை ஒரு சொல்லை வைச்சே நாலு தலைமுறை சொல்லலாம். சத்தம் போட்டால் அம்மம்மா "என்னடா பறையிறியள்?" எண்டு கேப்பா. அம்மா "என்ன கதைக்கிறியள்?" எண்டு கேப்பா. நானும் கதைக்கிறது தான். என்ரை மகள் "என்ன பேசுறீங்க?" எண்டு கேக்கிறாள். எங்களுக்குப் 'பேச்சு' எண்டால் ஏச்சு. "அம்மா என்னைப் பேசினவ" எண்டால் அழுதுகொண்டு சொல்லுற விசயம். மகளுக்கு அது ரீவியிலை இருந்து வந்த சாதாரணச் சொல். அவள் போனிலை "அம்மா என்னோட பேசினாங்க" எண்டு ஆரோ சிநேகிதிக்குச் சொல்ல, பக்கத்திலை இருந்த என்ரை அம்மா "ஏன் பிள்ளையைப் பேசினனி?" எண்டு என்னைக் கேட்டா!

வேறை கன சொல்லும் இருக்கு. எங்கடை வீட்டிலை ஐயா தோய்வார், அம்மா முழுகுவா, பிள்ளையள் குளிக்கினம். "முழுகாமல் இருக்கிறா" எண்டால் பிள்ளைத்தாய்ச்சி எண்டு என்ரை மருமகனுக்கு விளங்கேல்லை, கொழும்பிலை வளர்ந்தவர். வீட்டிலை தலைக்கு மேலை ஒரு சந்தோசம் நிக்குது, அவர் "ஏன், தண்ணி வரேல்லையோ?" எண்டு கேட்டார்.

எனக்கு ஒரு சொல் போறது தான் பெரிய கவலை. 'எணை'. "எணை அம்மா, இஞ்சை வாணை", "சொல்லணை ஆச்சி". ரீச்சரின்ரை அம்மம்மாவைக் கேட்டவரும் "பேர் என்னணை" எண்டு தானே கேட்டிருக்கிறார். அதைப் பெரும்பாலும் வயது போன பொம்பிளையளுக்குச் சொல்லித்தான் நான் கேட்டிருக்கிறன். வினை 'வா' எண்டு கீழ்ப்படியிலை நிக்கும், 'அணை' வந்து அதைத் தூக்கிவிடும். ஐயாவுக்கு 'வாங்கோ' எண்டு தூரத்திலை நிண்டு மரியாதை. அம்மாவுக்கு மடியிலை இருந்துகொண்டு மரியாதை. அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் நட்டமா நினைக்கேல்லை. ஐயாவை ஒரு நாளும் 'வாணை' எண்டு கூப்பிட ஏலாமல் போனது தான் எனக்குத் துக்கம்.

சின்னப் பிள்ளையளை எங்கடை ஆச்சிமார் 'அப்பன்', 'அப்பு', 'அம்மா' எண்டு கூப்பிடுறதையும் ஆராவது எழுதுங்கோ. இரண்டு வயதுப் பெட்டைக்கு "வாங்கோ அம்மா". அங்கை வயதுக் கணக்கு முழுக்கத் தலைகீழ்.


ஒலியன் | பதிவு 14

தேசிக்காய் அக்கா, 'எணை' பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து எழுந்து நடந்துவிட்டு வந்தேன். என் அம்மாவிடம் அந்தச் சொல்லைச் சொல்லி எத்தனை ஆண்டு என்று எண்ணிப் பார்த்தேன்.

தம்பி ரியூசன்கொட்டில் சொன்னதில் ஒரு கவனம் வேண்டும். இளையவர்கள் வேறு மாதிரிப் பேசினால் அது மொழி மாறுகிறது என்பதற்கு அடையாளமாக இருக்கலாம். அல்லது அந்த வயதுக்குரிய பேச்சாக மட்டும் இருந்து, அவர்களே முப்பது வயதில் பழைய சொல்லுக்குத் திரும்பலாம். 'டேய், மச்சான்' இரண்டாவது வகை: எங்கள் அப்பாமாரும் பத்தொன்பதில் அப்படித்தான் பேசினார்கள், வேலைக்குப் போனதும் விட்டார்கள். 'நீர்' போவது முதலாவது வகை என்று எனக்குப் படுகிறது. ஏனென்றால் ரியூசன்கொட்டிலுக்கு அந்தச் சொல் திரும்பிப் போவதற்கு இருக்கும் இடமல்ல, அவர் ஒருபோதும் நின்றிராத இடம்.

'வாங்கோ' போய் 'வாங்க' வருவதில் பெண்பிள்ளைகள் முன்னால் நிற்பதாக எனக்குத் தோன்றுகிறது. அதற்காக அவர்களைக் குறை சொல்லக் கூடாது. நியூயோர்க்கில் மொழியியலாளர் லபோவ் 1960களில் பார்த்தபோதும், இங்கிலாந்தின் நோரிச்சில் மொழியியலாளர் திரட்கில் பார்த்தபோதும் மதிப்புள்ள வடிவத்தின் பக்கம் பெண்களே அதிகம் சாய்ந்தார்கள். நோரிச்சில் ஆண்கள் பலர் தாங்கள் உண்மையில் பேசுவதைவிடக் கொச்சையாகப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டார்கள். அவர்களுக்கு அதுவே ஆண்மை. பதவியும் காணியும் கையில் இல்லாதவருக்குப் பேச்சுத்தான் மதிப்பைத் தேடித்தரும். வடலி எழுதியதைப் படித்தால் இதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.


செம்மண் | பதிவு 15

'வாங்க' ஆகட்டும், 'வாங்கோ' ஆகட்டும், எல்லாருக்கும் ஒரே சொல்லாச் சொல்லட்டும். ரியூசன்கொட்டில் தம்பி 'நீ' எண்டு எல்லாச் சிநேகிதரையும் சொல்லுறார். அதிலை என்ரை பேரனும் இருப்பான். அவனும் திருப்பி 'நீ' எண்டு சொல்லுவான். எனக்கு அது காணும்.


மருந்துமணி | பதிவு 16

சின்ன விசயம் ஒண்டு. நான் தாதியா வேலை செய்யிறன். கதைக்கிற சொல்லு மட்டுமில்லை, குரலும் வயதோடை மாறும். வளர்ந்த ஆம்பிளையின்ரை குரல்நாண் செக்கனுக்கு ஏறக்குறைய 120 தரம் அதிரும், பொம்பிளையின்ரை 200 தரம் அளவிலை. மாதவிடாய் நிண்ட பிறகு பொம்பிளையளின்ரை குரல் தடிக்கும். மிச்சம் வயது போன ஆம்பிளையளின்ரை குரல் மெலிஞ்சு மேலை போகும். போனிலை எங்கடை ஆச்சியை "ஐயா, நிக்கிறியளோ?" எண்டு கேக்கிறவை கனபேர். ஆச்சி "ஓம் தம்பி, சொல்லுங்கோ" எண்டு கதைச்சு முடிப்பா. ஐயா எண்டு நினைச்சுக் கதைக்கிறவை தன்ரை சொல்லைக் கெதியாக் கேக்கினம் எண்டு சொல்லுவா.


கிணத்தடி | பதிவு 17

ஒலியன், வடலி, நீங்கள் எழுதினதை மனிசிக்கு வாசிச்சுக் காட்டினன். வடலி எழுதின காணி விசயத்தைக் கேட்டிட்டு, தனக்கும் அப்பிடி நடந்தது எண்டு ஒண்டைச் சொன்னா. எங்களுக்குக் கலியாணமாகி 31 வருசம். எனக்கு அது தெரியாது. நான் 'இயற்கை' எண்டு எழுதினதைத் திருப்பி எடுக்கிறன்.


நல்லூர்ரீச்சர் | பதிவு 18

எல்லாருக்கும் நன்றி. பேத்தி நாளையிண்டைக்குப் பயணம். அதுக்கு முதல் நடந்ததை எழுதிவிடுறன்.

முந்தநாள் இரவு சாப்பிடேக்கை இவரிட்டைக் கேட்டன், ஏன் என்னை 'நீர்' எண்டு சொல்லுறியள் எண்டு. கொஞ்சம் யோசிச்சார். "வேறை எப்பிடிச் சொல்லுறது? 'நீ' எண்டால் மரியாதையில்லை. 'நீங்கள்' எண்டால் ஆரோ பிறத்தி ஆளோடை கதைக்கிற மாதிரி இருக்கும்" எண்டார். நல்ல மனசோடை தான் சொன்னார். நான் சொன்னன், "அப்ப நாப்பத்திநாலு வருசமா நான் உங்களோடை அப்பிடித்தானே கதைக்கிறன்."

அவர் இடியப்பத்தைப் பிசைஞ்சபடி கன நேரம் இருந்தார். பேந்து, "அப்ப நீரும் 'நீர்' எண்டு சொல்லுமன்" எண்டார்.

இண்டைக்குக் காலமை வழக்கம்போலை "பேப்பரைக் கண்டனீரோ?" எண்டு கேட்டார். "கதிரையிலை பாரும்" எண்டு சொல்ல வெளிக்கிட்டன். 'பா' வந்தது. மிச்சம் வரேல்லை. "பாருங்கோ" எண்டு தான் வாயிலை வந்தது. அவர் சிரிக்கேல்லை. நானும் சிரிக்கேல்லை.

வாசற்படியிலை இருந்த பேத்தி எங்களை இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "இரும் அம்மம்மா, நான் எடுத்துக் குடுக்கிறன்" எண்டு எழும்பிப் போனாள். பேப்பரை அவற்றை கையிலை குடுத்து, "இந்தாரும் அம்மப்பா" எண்டாள்.

நான் திருத்தேல்லை. அவரும் பேப்பரை வாங்கி விரிச்சார்.